அளக்காமல் ஆற்றில் போட்ட ராஜா

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டிமார் வாக்கு. இங்கிலாந்தின் ஜான் ராஜாவுக்கும் ஒரு பாட்டி இருந்தார். லேசுப்பட்ட பாட்டி இல்லை, ஜெர்மானியச் சக்கரவர்த்தியைக் கட்டிக்கொண்டு பேரரசிப் பட்டம் வாங்கிய மட்டில்டா. பேரனுக்குப் பேச்சு வருமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். பாட்டியின் புத்தி வந்து சேராவிட்டாலும் பாட்டியின் கிரீடம் பேரனிடம் வந்து சேர்ந்தது. அதையும் சேர்த்துத்தான் 1216 அக்டோபர் 12ஆம் தேதி அளக்காமல் கொள்ளாமல் ஆற்றில் போட்டார் என்று ஊர் நம்புகிறது. ராஜா அளக்காமல் விட்டதை மற்றவர்கள் எண்ணூறு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். பாதிப்பேர் கோலால், மீதிப்பேர் வாயால்.

ஜான் யார் என்கிறீர்களா? ராபின் ஹூட் படங்களில் வில்லனாக வருவாரே, அவரேதான். இரண்டாம் ஹென்றியின் கடைக்குட்டி. அண்ணன்மாருக்குப் பாகம் பிரித்ததில் இவருக்கு ஒரு காணிகூட மிஞ்சவில்லை. ‘நிலமில்லாதான்’ என்று பட்டப்பெயரே விழுந்தது. அண்ணன் ரிச்சர்டு போய்ச் சிம்மாசனம் கைக்கு வந்ததும் பெயரைப் பொய்யாக்குவார் என்று பார்த்தால், 1204இல் நார்மண்டியைப் பிரெஞ்சு ராஜாவிடம் கோட்டைவிட்டுப் பெயரைக் காப்பாற்றினார். 1215 ஜூனில் பிரபுக்கள் ரன்னிமீட் புல்வெளிக்கு இழுத்துவந்து மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் முத்திரை வாங்கினார்கள். நல்ல பிள்ளையாக முத்திரை போட்டவர், கையோடு போப்பாண்டவருக்கு ஆள் அனுப்பி, ஆகஸ்டிலேயே அதைச் செல்லாக்காசு ஆக்கினார். “இந்த ஆளோடு இனி ஆகாது” என்று பிரபுக்கள் பிரான்ஸிலிருந்து இளவரசர் லூயியை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்துவிட்டார்கள். அவரும் 1216 மே மாதம் படையோடு வந்து இறங்கினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஜானிடம் இரண்டு விஷயங்கள் உருப்படி. ஒன்று, நகைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார். மற்றது, குளிப்பார். வெந்நீர் போட்டுக் கொடுக்க வில்லியம் என்று ஒரு சம்பளக்காரரே இருந்தார். அரண்மனைக் கணக்கில் ராஜாவின் குளியலுக்குக் கொடுத்த காசெல்லாம் பதிவாகியிருக்கிறது. ராஜா குளித்ததற்குக் கணக்கு இருக்கிறது. ராஜாவின் வண்டிகள் முழுகியதற்குத்தான் இல்லை.

அந்தக் காலத்து ராஜாக்கள் ஓரிடத்தில் குந்தியிருப்பதில்லை. ஒரு ஊரின் தானியத்தைத் தின்று தீர்த்ததும் அடுத்த ஊர். கட்டில், மெத்தை, அடுப்பங்கரைச் சாமான், பூஜைப் பாத்திரம், பணப்பெட்டி, நகைப்பெட்டி எல்லாம் பாரவண்டியிலும் பொதிக்குதிரையிலும் பின்னால் வரும். நம் ஊர் சர்க்கஸ் கம்பெனி முகாம் மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை மட்டும் குறைச்சல்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஜான் லின் என்ற துறைமுக ஊரில் இருந்தார். அவர் கையால் நகர உரிமைச் சாசனம் வாங்கிய ஊர். ஆகவே மரியாதைக்குக் குறைவில்லை. (ராஜா கொடுத்தது என்ற பழங்கதையோடு அந்த ஊரில் இன்றும் ஒரு கோப்பை இருக்கிறது. அது செய்யப்பட்டது 1340 வாக்கில். செத்து நூற்றிருபது வருஷம் கழித்துப் பரிசு கொடுத்த ஒரே வள்ளல் இவர்தான்.) அந்த மரியாதையில் வயிறு கெட்டதோ என்னவோ, அங்கேயே சீதபேதி பிடித்துக்கொண்டது.

லின்னிலிருந்து வடக்கே லிங்கன் சீமைக்குப் போக வேண்டும். நடுவில் வாஷ் என்ற விரிகுடா வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? அதில் வந்து விழும் வெல்ஸ்ட்ரீம் ஆற்றின் கழிமுகம் நாலு மைலுக்கு மேல் அகலம். கடல் வற்றும்போது சேறும் மணலுமாக ஒரு தடம் வெளியே தெரியும். கோலை ஊன்றி ஊன்றிப் புதைமணல் பார்த்து, வழிகாட்டி முன்னே நடக்க, அவன் காலடியிலேயே கால் வைத்துத் தாண்ட வேண்டும். கோல் என்றால் அளவுகோல்; அளந்து நடப்பவனுக்குத்தான் அந்தத் துறை. பொறுமைக்காரர்கள் விஸ்பெக் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சீதபேதிக்காரரான ராஜா பத்திரமாகச் சுற்றுவழியில் போனார் என்றும், வண்டிகளைக் குறுக்குவழியில் அனுப்பினார் என்றும்தான் வரலாற்றாசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். சரக்கை லாரியில் போட்டுவிட்டு முதலாளி காரில் போகிற வழக்கம் நேற்று வந்தது இல்லை.

பிறகு நடந்ததை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். முன்வண்டியின் சக்கரம் இறங்கினால் பின்வண்டி நிற்க வேண்டும். நின்ற வண்டி புதையும். வண்டிக்காரர்கள் குதிரையைத் திட்ட, அதிகாரிகள் வண்டிக்காரர்களைத் திட்ட, யாருக்கும் காத்திராத ஒரே ஆள் கடல்தான். அது நேரத்துக்கு வந்துவிட்டது.

என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று? இரண்டு துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோகெஷாலைச் சேர்ந்த ரால்ஃப் கொஞ்சம் சிக்கனக்காரர். பொதிக்குதிரைகள் சில, பரிவார ஆட்கள் சிலர், ராஜாவின் பூஜைச் சாமானும் புனிதப் பண்டங்களும் போயின என்கிறார். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் உட்கார்ந்து சில வருஷம் கழித்து எழுதிய வெண்டோவர் ரோஜரோ விட்டலாச்சார்யா பரம்பரை. அவர் கணக்கில் தண்ணீரின் நடுவே பூமி பிளக்கிறது, சுழல் எழும்புகிறது, வண்டி, குதிரை, ஆள், பணம், பாத்திரம் ஒன்று பாக்கியில்லாமல் உறிஞ்சப்படுகிறது; ராஜாவும் படையும் மயிரிழையில் தப்புகிறார்கள். சம்பவ இடத்திலிருந்து தூரம் கூடக் கூடப் புதையலும் கூடும் என்பது என் சித்தாந்தம். ரோஜரே அப்படியென்றால், எட்டு நூற்றாண்டு தள்ளி நிற்கிற நாம் எவ்வளவு அளக்கலாம், பாருங்கள்.

அன்று ராத்திரி ஸ்வைன்ஸ்ஹெட் மடத்தில் தங்கிய ஜான், துக்கத்தை ஆற்றிக்கொள்ளப் பீச் பழமும் ஆப்பிளில் இறக்கிய புதுக் கள்ளும் அளவில்லாமல் உள்ளே தள்ளினார் என்று சொல்பவரும் ரோஜர்தான். சீதபேதிக்கு இது என்ன பத்தியம் என்று தெரியவில்லை. அங்கிருந்து ஒருவழியாக நியூவார்க் கோட்டைவரை போய், 18ஆம் தேதி ராத்திரி கண்ணை மூடினார். வயிற்றுப்போக்கில் ஒரு ராஜா செத்தார் என்றால் கதைக்குக் கௌரவமில்லை அல்லவா? பின்னால் வந்தவர்கள் ஒரு துறவியைப் பிடித்து, அவர் கையில் ஒரு தேரையைக் கொடுத்து, தேரை விஷத்தைக் கோப்பையில் கலக்கவைத்தார்கள். ஷேக்ஸ்பியரும் தன் நாடகத்தில் துறவியையே குற்றவாளியாக்கினார். அதே நாடகத்தில் மாக்னா கார்ட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து நாளில், அக்டோபர் 28ஆம் தேதி, ஒன்பது வயது மகன் ஹென்றிக்கு க்ளாஸ்டரில் பட்டாபிஷேகம். கிரீடத்தைத் தேடினால் கிரீடம் இல்லை. வளையம் போன்ற ஒரு தங்க அணியைத் தலையில் வைத்து ஒப்பேற்றினார்கள். கல்யாணத்தன்று தாலியைக் காணாமல் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போடுகிற கதை. புதையல் வேட்டைக்காரர்களுக்கு இது ஒன்று போதும்: பார்த்தீர்களா, கிரீடம் தண்ணீரில்தான் இருக்கிறது!

தண்ணீர்தான் இப்போது இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படிந்து, கரை கட்டி, கடலைப் பின்னுக்குத் தள்ளி, அந்தக் கழிமுகம் முழுக்க விளைநிலமாகிவிட்டது. ராஜாவின் வண்டிகள் முழுகிய இடத்தில் இன்று உருளைக்கிழங்கு விளைகிறது. 1906இல் செயின்ட் ஜான் ஹோப் என்ற அறிஞர் அன்றைய கடல் ஏற்றத்தையும் வற்றத்தையும் மணிவாரியாகக் கணித்து, வண்டிகள் எங்கே மாட்டியிருக்கும் என்று விஸ்தாரமாக ஒரு கட்டுரை எழுதினார். 1930களில் ஓர் அமெரிக்கர் கம்பெனியே ஆரம்பித்துத் தேடிப்பார்த்தார். கிரீடம் எழுந்து வரவில்லை.

அடுத்து வந்தது மெட்டல் டிடெக்டர். அதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட, டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து எடுத்துப்போனார். குண்டு இருந்தது இடப்பக்கம். டாக்டர் தேடச் சொன்னது வலப்பக்கம். போதாக்குறைக்கு மெத்தைக்குள்ளே கம்பிச்சுருள். ஜனாதிபதி செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். தப்பான இடத்தில் கத்துவது இந்தக் கருவிக்குப் பிறவிக்குணம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இங்கிலாந்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலைப் பனியில் வயலை இடம் வலமாகத் துடைத்துக்கொண்டு போகிற ஆசாமிகளுக்குப் பழைய ஆற்றுத்துறை என்றால் உயிர். காரணம் எளிது. தோணிக்காரனுக்குக் கூலி எடுக்கும்போது காசு நழுவும். குதிரை இடறினால் பை கவிழும். பத்திரமாகக் கரை சேர்த்தால் உனக்கு என்று சொல்லி ரோமானியர் காலத்திலிருந்தே ஆற்றுக்குக் காணிக்கை போட்டவர்களும் உண்டு. 1996ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, கிடைத்தது புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் பணத்தில் நிலத்துக்காரருக்குப் பாதி, கண்டெடுத்தவருக்குப் பாதி என்பது வழக்கம்.

ஆனால் ஒரு காசைச் சாதாரணக் கருவி மோப்பம் பிடிப்பது ஏறக்குறைய ஒரு சாண் ஆழம், மிஞ்சினால் ஒரு முழம். ஜானின் சரக்கோ பல ஆள் ஆழத்து வண்டலுக்கு அடியில். வழியில் கத்துவதெல்லாம் தோட்டா உறை, டிராக்டர் நட்டு, பீர் டின்னின் மூடி.

இவ்வளவையும் மீறி ஒருநாள் ஒரு கற்றுக்குட்டிக்கு ஜான் காலத்து வெள்ளிக்காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இங்கிலாந்தில் அடித்தது பென்னி ஒன்றுதான். சில்லறை வேண்டுமானால் பின்பக்கத்துச் சிலுவைக் கோட்டின் மேலேயே வெட்டி அரையாக்கலாம், காலாக்கலாம். அந்தக் காசில் 1180இல் அப்பா இரண்டாம் ஹென்றி தன் பெயரைப் பொறித்தார். அவர் போய், ரிச்சர்டும் வந்து போய், ஜானும் வந்தார். 1205இல் பழைய காசை வாங்கிப் புதுசு அடித்தபோதுகூட அக்கசாலைக்காரர்கள் பெயரை மாற்றவில்லை. அயர்லாந்தில் அடித்த காசில் ஜான் பெயர் உண்டு. சொந்த ஊர்க் காசில் கடைசிவரை அப்பா பெயர்தான்.

ஆகவே நம் கற்றுக்குட்டி மண்டியிட்டு, நகத்தால் சேற்றைச் சுரண்டி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டுவார். ‘ஹென்ரி...’ அடடா, ஜான் இல்லையா, வேறு யாரோ ஹென்றியா என்று சப்புக்கொட்டி, பையில் போட்டுக்கொண்டு, ஜானைத் தேடி அடுத்த உருளைக்கிழங்குப் பாத்திக்கு நகர்வார்.