ஸ்லாஷ் போட்டீங்களா, மாப்பிள்ளை?

கணினிக்குக் கணினி கோப்பு அனுப்புகிற வேலைக்கு இன்ஜினியரிங் படித்தவர்களைவிடப் பத்திரம் எழுதிப் பழகியவர்கள்தான் லாயக்கு என்பது என் தீர்மானமான கருத்து. ஆதாரம், என் மாமனார். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பிரிவிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதை முதன்முதலாகப் பார்த்தபோது, "பரவாயில்லையே, படம் கிடம் ஒண்ணும் இல்லாம எல்லாம் எழுத்துப்பூர்வமா இருக்கே" என்றார். இத்தனை காலத்தில் டெர்மினலுக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்து நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். மாமாவின் விண்டோஸ் லேப்டாப்பில் குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள், பூர்வீகப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன. மாடியறையில் என்னுடைய பழைய லினக்ஸ் பெட்டியில் அவற்றுக்கு ஒரு நகல் வேண்டும். பென் டிரைவ்தான் முதலில் எடுத்தார். அதன் மேலே 32 ஜிபி என்று அச்சடித்திருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஃபேட்32 என்ற பழைய அமைப்பு. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது வாங்காது. கல்யாண வீடியோ அதைத் தாண்டியது. "பத்திரத்திலே 32 சென்ட், அளந்து பார்த்தா நாலுன்னா என்ன நியாயம்?" என்று டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சரி, வலைப்பின்னல் வழியாகவே அனுப்பலாம் என்று எஸ்சிபி கட்டளையைக் காட்டினேன். 2018 முதல் விண்டோஸ் 10-லேயே அது கூடவே வருகிறது. எதை, எந்தக் கணினிக்கு, அங்கே எந்த இடத்துக்கு என்று ஒரே வரியில் எழுத வேண்டும். "எழுதிக் கொடுப்பவர் முதல்லே, எழுதி வாங்குபவர் பின்னாலே. சரியான முறை" என்று தலையாட்டினார்.

என்டர் தட்டியதும் எஸ்சிபி ஒரு கேள்வி கேட்டது. எதிரில் இருக்கும் கணினி இன்னார்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, அதன் கைரேகை இது, தொடரலாமா என்று. உலகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்யப் போனேன். வெறும் 'ஒய்' என்று தட்டினால் அது ஏற்காது. 'எஸ்' என்று முழுசாகத் தட்டச் சொல்லும். நான் முழுசாகத் தட்டுவதற்குள் மாமா என் கையைப் பிடித்தார்.

"ரேகையை ஒப்பிட்டீங்களா?"

"அது நம்ம மாடியிலே இருக்கிற பெட்டிதான் மாமா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஒப்பிட்டீங்களா?"

அந்தக் கைரேகை 43 எழுத்து. மாடிக்குப் போய் அந்தப் பெட்டியிலேயே அதன் ரேகையை வரவழைத்து, நான் படியில் நின்று உரக்கப் படிக்க, அவர் கீழே பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். "பெரிய கே-யா, சின்ன கே-யா?" என்ற குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். இந்தக் கேள்வியை எழுதிவைத்தவர்கள் எதிர்பார்த்ததும் இதைத்தான். நான் பார்த்தவரையில் அதைச் செய்த ஒரே ஆள் மாமா.

அடுத்து கடவுச்சொல். தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் விழாது; ஒரு நட்சத்திரம்கூட வராது. எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்ற ஏற்பாடு. மாமா கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு முறுக்குத் துண்டு விழுந்தது. விளக்கிச் சொன்ன பிறகு, "ஓ, ரகசியக் காப்பா? அப்ப சரி" என்று சமாதானமானார்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்றால், ஆரம்பத்தில் சந்தேகமே இல்லாமல் இருந்ததுதான் காரணம். கோப்பு அனுப்புவதற்கான எஃப்டிபி விதிமுறையை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண். ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். அதில் கடவுச்சொல் பச்சையாகவே கம்பியில் போகும். 1983-ல் பெர்க்கிலி யூனிக்ஸோடு ஆர்சிபி வந்தது. நம்பத் தகுந்த கணினிகளின் பட்டியலில் பெயர் இருந்தால் கடவுச்சொல்லே கேட்காது. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து ஊலோனென் வெறுத்துப்போய், கம்பியில் போவதையெல்லாம் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். எஸ்சிபி அதன் மேல்தான் ஓடுகிறது. எஸ்எஸ்எச்சுக்கு 22-ஆம் எண் கதவைக் கேட்டு வாங்கினார். 21 எஃப்டிபிக்கு, 23 டெல்நெட்டுக்கு. நடுவில் 22 காலி.

மாமாவுக்கு இந்தக் கதையில் கடைசி வரிதான் பிடித்தது. "ரெண்டு பட்டாவுக்கு நடுவிலே புறம்போக்கு. கேட்டதும் குடுத்துட்டானா? நம்ம ஊரிலே நடக்குமா?"

கோப்புகள் போக ஆரம்பித்தன. பாதியில் நின்றது. மாடிப்பெட்டி ஒரு படத்தை வாங்க மறுத்தது: பெயர் நீளமாம். படத்தின் பெயர், 'தங்கை கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா வகையறா மேற்படி கல்யாண மண்டப வாசலில் நிற்பது கிழக்குப் பார்த்த படம்.' விண்டோஸ் இதை முகம் சுளிக்காமல் வைத்துக்கொள்ளும். அதன் வரம்பு 255 எழுத்துக்குறி. லினக்ஸின் வரம்பு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். அதிலும் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'அப்பா' என்று எழுதினாலே 15 பைட் போய்விடும். ஆக மொத்தம் 85 குறிதான், அதற்குள் பெரியப்பா வகையறா அடங்கியாக வேண்டும்.

"புள்ளிக்குமா காசு?" என்றார் மாமா.

'கிழக்குப் பார்த்த' என்பதை எடுக்கலாமா என்று கேட்டேன். திசை இல்லாமல் எப்படி அடையாளம் சொல்வது என்றார். 'மேற்படி'யை எடுக்கலாமே என்றேன். அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. கடைசியில் 'தங்கை கல்யாணத்துக்கு வந்த' போயிற்று, மேற்படி இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சான் வந்து சேர்ந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை, கை நிறையச் சம்பளம். "நகருங்கப்பா" என்று உட்கார்ந்து ஒரே வீச்சில் கட்டளை தட்டி, என்டர் அடித்து, "போயிடுச்சு" என்றான். திரையில் ஒன்றும் வரவில்லை. கல்யாண வீடியோ இவ்வளவு சுருக்காகப் போனதில் எனக்குச் சந்தேகம். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை இடமிருந்து வலமாக விரல் வைத்துப் படித்தார்.

"தம்பி, முக்காற்புள்ளி எங்கே?"

கணினியின் பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளி இருந்தால்தான் எஸ்சிபிக்கு அது வேறொரு கணினி. இல்லாவிட்டால் அதுவும் ஒரு கோப்பின் பெயர், அவ்வளவுதான். அதே ஃபோல்டரில், மாடிப்பெட்டியின் முகவரியையே பெயராகச் சூட்டிக்கொண்டு, இன்னொரு கல்யாண வீடியோ உட்கார்ந்திருந்தது. எஸ்சிபி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டதைச் செய்துவிட்டது. "பத்திரத்திலே எழுதினதுதான் செல்லும், மனசிலே நினைச்சது செல்லாது" என்று மகனுக்குச் சொல்லிவிட்டு மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மச்சானுக்கு அவசரமாக ஏதோ மீட்டிங் வந்துவிட்டது.

பாதியில் கரண்ட் போனால் எஸ்சிபி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால், விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸைக் குடிவைத்து ஆர்சிங்க்குக்கு மாறினோம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் வெளியிட்டது. பெரிய கோப்பில் ஒரு பத்தி மாறியிருந்தால் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள், "பிழைத்திருத்தல் பத்திரம்" என்று முடித்துவைத்தார். அனுப்பியபின் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கும் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஆர்சிங்க்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்களையே தடுமாற வைப்பது ஒரு சாய்கோடு. ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஸ்லாஷ் இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். ஸ்லாஷ் போட்டால் அதற்குள் இருப்பது மட்டும் போகும். நான் இதை நினைவில் வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமா ஒரு நொடி யோசித்தார். "ஸ்லாஷ் இல்லேன்னா வீட்டோட கிரயம். ஸ்லாஷ் இருந்தா சாமான் மட்டும், வீடு நம்மகிட்டேயே இருக்கு. இதிலே என்ன குழப்பம்?"

இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கச் சொல்லும் 'டிலீட்' என்ற சேர்க்கையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. "எழுதி வாங்கினவரைக் கேக்காமலேயே ரத்தா?" அதனால் ஆர்சிங்க்கின் ஒத்திகை முறை அவருக்கு உயிராகிவிட்டது. 'என்' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால், ஒன்றையும் தொடாமல் என்னென்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் போடும். வரைவுப் பத்திரம் பார்க்காமல் அவர் இப்போது ஒரு படத்தைக்கூட அனுப்புவதில்லை. ஆர்சிங்க் சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டும் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் கோப்பைத் தாண்டிப் போய்விடும் என்று தெரிந்ததும், உள்ளடக்கத்தையே முழுக்கப் படித்து ஒப்பிடும் 'சி'யையும் சேர்க்கச் சொன்னார். வேலை இரவு முழுக்க ஓடியது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் பட்டியலை பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'ஒப்பிட்டவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'நகலெடுத்தவர்' என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார். முதல் சாட்சி என் மனைவி; தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமல் இடது கையால் போட்டாள்.

"இன்னொரு சாட்சி வேணுமே மாப்பிள்ளை. எதிர்வீட்டுக்காரர் இருக்காரா பாருங்க. வரும்போது ஆதார் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."