கைத்தடிக்குள் வாள்

கேள்வி: கண் தெரியாத ஒருவர் வாளைச் சுழற்றி இருபது பேரைச் சாய்க்கிறாராம். சினிமாக்காரர்கள் நம் காதில் பூ சுற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், எட்டியாந்தோட்டை

பதில்: பூ என்ன, மாலையே! ஆனால் அந்த இருபது பேரும் ஒவ்வொருவராக முறை வைத்து வந்து வெட்டு வாங்குகிறார்களே, அதை ஏன் கேட்கவில்லை?

இந்த ஜாதிக்கு மூத்தவர் ஜப்பானின் ஸாட்டோஇச்சி. கான் ஷிமோசாவாவின் சிறுகதையில் பிறந்து, 1962இல் திரைக்கு வந்தார். தொழில் உடம்பு பிடித்துவிடுவது, பொழுதுபோக்கு சூது, வாள் கைத்தடிக்குள். ஷின்டாரோ கட்சு 26 படங்களில் அந்த வேடம் போட்டார். 2003இல் டகேஷி கிட்டானோ முடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டு அதே வேடத்தில் இறங்கி, வெனிஸில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கத்தையும் தட்டிக்கொண்டு போனார்.

நம் பக்கம் 2012இல் 'தாண்டவம்'. விக்ரம் நாக்கால் 'டக்' என்று ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார். கதையை விடுங்கள், வித்தை நிஜம். கைக்குழந்தையிலேயே இரு கண்களையும் புற்றுநோயில் இழந்த அமெரிக்கர் டானியல் கிஷ் அப்படித்தான் சைக்கிளே ஓட்டுகிறார். அந்தப் படத்தில் தலைகாட்டியும் இருக்கிறார்.

இறப்பர் மலைக்காரரான நீங்களா சந்தேகப்படுவது? விடியும் முன்னே பால் வெட்டப் போகிறவர், உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிறாரே, பாதிக் கணக்கு கையில்தானே இருக்கிறது? என்ன, அவருக்குப் பின்னணி இசை கிடையாது. மழை பிடித்தால் வெட்டும் கிடையாது.

ஸாட்டோஇச்சி பார்ப்பதானால் 1962 படத்தில் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளை, சண்டையும் குறைவு. இருப்பதில் நல்ல படம் அதுதான்.