பேராண்டி குத்துற ஊசி

லேய் பேராண்டி, சேதி காதுக்கு வந்துச்சு. மெடிக்கல் ஷாப்புல சுகரும் பிரஷரும் பாக்குததுக்கு மெஷின் இறக்கிட்டியாம்லா. மெஷின் விக்கிற கம்பெனிக்காரனே கூப்பிட்டு, பிரியாணி போட்டு, ஒருநாள் டிரெயினிங்கும் குடுத்தானாம். ரெண்டு வருசம் படிச்சு வாங்குன டி.பார்ம் சர்டிபிகேட்டு பரண்ல கிடக்கு. பிரியாணி தின்னு வாங்குனது சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குது. சரித்தான், யாவாரம் பண்ணத் தெரிஞ்ச புள்ளைதான் நீ. நானும் நாலு வழி சொல்லுதேன், கேட்டுக்கோ.

வாறவனைக் கையைக் கழுவுன்னு மட்டும் சொல்லிராத. சோப்புக்கு எவன் காசு குடுப்பான்? பழத்தை உரிச்சுத் தின்ன கையோட வந்தாம்னா அப்படியே குத்து. விரல்ல ஒட்டுன இனிப்பும் ரத்தத்தோட மெஷினுக்குள்ள போயி, 110 இருக்கவனுக்கு 200-ஐக் காட்டுனாலும் காட்டும். ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சா காய விடாத, நேரம் போயிரும். ரத்தம் வரலையா, எருமை மடி கணக்கா விரலைப் புடிச்சுப் பீச்சு. சதையில இருக்க நீரும் கலந்து வரும், கணக்கு எங்கயாவது போயி நிக்கும். ஸ்ட்ரிப் டப்பாவோட மூடியை வெறும்ன திறந்தே போடு. காத்து ஈரம் பட்டா கெட்டுப்போகும்னு டப்பாவுல எழுதியிருக்கும்தான். அதை வாசிக்கவா டிரெயினிங்குக்குப் போன?

குத்துற பேனா ஒண்ணு போதும்டா ஊருக்கே. ஊசியையும் ஏன் மாத்துத? மஞ்சக்காமாலை ‘பி’ கிருமி காஞ்ச ரத்தத்துல ஏழு நாளாவது உசுரோட கிடக்குமாம். கிடக்கட்டும், அதுவும் ஒரு கஸ்டமரைக் கூட்டியாரும். குத்துன ஊசியை, துளைச்சு வெளிய வராத வெள்ளை டப்பாவுல போடணும்னு 2016-ல விதி போட்டுருக்காக. நீ பலசரக்குப் பையில கட்டித் தெருவுல வையி. குப்பை அள்ளுத அக்கா கைதான குத்துப்படும், உன் கையா?

பிரஷர் பாக்கதும் சுளுவு. பஸ்ஸைப் புடிக்க ஓடுனவனை மூச்சிரைக்க உக்கார வச்சு உடனே பட்டையைச் சுத்து. அஞ்சு நிமிசம் சும்மா உக்காரணும், கால் தரையில பதியணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், பேசக்கூடாதுங்கிறதெல்லாம் வேலையத்தவன் சொன்னது. நீ பாட்டுக்கு, "மருமக எப்படி இருக்கா பாட்டி?"ன்னு கேளு. பிரஷர் தானா ஏறும்.

இதுல சூட்சுமம் என்ன தெரியுமா? நல்ல மீட்டருக்கே 2013 ஐ.எஸ்.ஓ. விதியில, 100-க்கு மேல போனா 15 சதவீதம் கூடக்குறைய இருந்துக்கோன்னு இடம் விட்டுருக்கான். நெசத்துல 115 இருக்கவனுக்கு 130-ன்னு காட்டுனா மெஷினைக் குத்தம் சொல்ல முடியாது. வெறும் வயித்துல 126-ங்கிற கோட்டைப் போட்டதோ, கையில ரத்தம் எடுத்து லேப்ல பாக்கதுக்கு. அதையும் இன்னொருக்கா பாத்துத்தான் வியாதின்னே டாக்டர் சொல்லுவாரு. ரத்தம் கம்மியா வெளுத்துப்போயி வாற பொம்பளைப்புள்ளைகளுக்கு மீட்டர் கூட்டிக் காட்டுததும் உண்டு. இந்தச் சந்தேகமெல்லாம் உனக்கு எதுக்கு? 130-ஐப் பாத்த மறுநிமிசம், "அண்ணாச்சி, உங்களுக்கு சுகர்"னு முகத்தைத் தொங்கப்போடு. பின்னாடி அலமாரியில மாத்திரை இருக்கு, பாகற்காய்ப் பொடி இருக்கு, சுகர்ஃப்ரீ பிஸ்கட்டு இருக்கு. பாக்கதும் நீ, விக்கதும் நீ. "லேப்ல பாத்துட்டு டாக்டரைப் பாருங்க"ன்னு அனுப்பிட்டா கல்லாவுல என்னடா மிஞ்சும்?

நீ சரக்கெடுக்க மதுரைக்குப் போற நாள்ல, பில் போடுத பயலே குத்தட்டும். 1948 சட்டத்துல, பதிவு பண்ணுன பார்மசிஸ்ட்தான் மருந்தை எடுத்துக் குடுக்கணும்னு இருக்கு. அதுக்கே நம்மூர்ல சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுதானுக. இதுக்கா யோசிக்கப் போற?

எல்லாஞ்சரி. நம்ம மேலத்தெருக் கிழவன் சுகர் மாத்திரையை முழுங்கிட்டுச் சோறு திங்காம, வேர்த்து நடுங்கிக்கிட்டு உன் கடைக்கு வந்தானாமே. மெஷினு 58-ன்னு காட்டுச்சாம். மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, கால்மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாக்கணுமாம். பக்கத்துல நின்ன நர்ஸம்மா சொல்லித்தான் ஆள் தெளிஞ்சானாம். நீ பாகற்காய்ப் பொடி டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சியாமே. 58-க்கு என்ன செய்யணும்னு உன் டிரெயினிங்குல சொல்லலையாடா, இல்ல அதைச் சொன்னது பிரியாணிக்குப் பொறவா?