வீதி விளக்குப் படலம்: சூத்திரமும் உரையும்

உள்ளூராட்சி உறுப்பினர்களை இரண்டு நாள் ஒரு மண்டபத்தில் இருத்தி, ஊரின் தேவைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலாவதாக வருவது எது? பல்கலைக்கழகங்கள் இந்த வினாவைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டன. அந்தப் பழி நீங்கவே இக்கட்டுரை.

முதலில் களம். யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 17. மாநகர சபை 1, நகர சபைகள் 3, பிரதேச சபைகள் 13. யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையானது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த கடைக்குட்டிகள். 2023 மார்ச்சில் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தல் வைக்கக் காசில்லை என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினர் இல்லாமலே சபைகள் ஓடின. 2025 மே 6இல் ஒருவாறு தேர்தல் நடந்தது. புது உறுப்பினர் வந்தால் செயலமர்வும் வரும். மாரி தொடங்கினால் தவளை கத்துவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

செயலமர்வின் உறுப்புகள் ஐந்து: வளவாளர், பதாகை, டிமைத் தாள், மாக்கர் பேனை, ரோல்ஸ். வளவாளர் பிந்தி வந்த செயலமர்வுகள் உண்டு. ரோல்ஸ் பிந்தி வந்ததை இவ்வாய்வாளன் கண்டதில்லை.

இனிச் சூத்திரம்:

முந்தியது பிந்தும்; பிந்தியது முந்தும்;
இடையது தேநீர் என்மனார் புலவர்.

இதன் பொருள் யாதோவெனின், காலையில் தாளின் தலைப்பில் ஏறியது பின்னேரம் அடியில் கிடக்கும், காலையில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாதது பின்னேரம் முதலிடத்தில் நிற்கும், இந்த மாற்றம் நிகழும் இடம் தேத்தண்ணி மேசை என்றவாறு. புலவர் என்றது யாரையெனின், இக்கட்டுரையாசிரியரை. ஏடு தேடித் தொல்காப்பியத்தை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டி இன்று வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. ஆகவே உள்ளூராட்சிக்கு உரை எழுதும் உரிமை எங்கள் பக்கத்துக்கு உண்டு.

சூத்திரத்துக்குச் சான்று வேண்டும். ஒரு செயலமர்வின் பின்வரிசையில் நானே இருந்தேன். எந்தச் சபை என்பதை ஆய்வறம் கருதிச் சொல்லவில்லை. காலை பத்து மணிக்குத் தாள்களில் ஏறியவை குடிநீர், வெள்ள வடிகால், கழிவகற்றல், இளைஞர் வேலைவாய்ப்பு, காலநிலை மாற்றம். நான்கு குழுக்களின் தாளிலும் காலநிலை மாற்றம் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு நான்கிலும் முதலாவதாக நின்றது வீதி விளக்கு.

உறுப்பினர்கள் சின்னப் புத்திக்காரர் என்று வாசகர் அவசரப்படக் கூடாது. குற்றம் அட்டவணையில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவாளர் ஓர் அட்டவணை தருகிறார். தேவைக்கு எதிரே மூன்று கட்டங்கள்: செலவு, பொறுப்பு அலுவலர், முடியும் திகதி. அங்கேதான் காலைத் தேவைகள் ஒவ்வொன்றாகத் தடுக்கி விழுகின்றன.

குடிநீரை எடுங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்றுக்கு முதல். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றருக்கென்று கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. ஆனால் அது நீர் வழங்கல் சபையின் காரியம். பொறுப்பு அலுவலர் கட்டம் வெறுமை. வடிகால் இன்னும் மோசம். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலைத் தொடும் வழுக்கை ஆறு, போகும் வழியில் எத்தனை பிரதேச சபைகளின் எல்லையைக் கடக்கிறதென்று ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. மேலே மதகைத் திறந்தால் கீழே வயல் வெள்ளத்தில் நிற்கும். எந்தத் தவிசாளர் திகதி எழுதுவார்? வீதிகளில் ஏ, பீ தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ, டீ மாகாணத்துக்கு, ஒழுங்கைகள்தான் சபைக்கு. நெடுந்தீவில் யாரைக் கேட்டாலும் குறிகட்டுவான் படகைத்தான் முதலில் சொல்வார்கள், அதுவும் பிரதேச சபையின் கையில் மட்டும் இல்லை.

வலிகாமம் வடக்கில் 1990இல் போரில் எழும்பி ஓடியவர்களில் இன்னும் தங்கள் காணிக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். முன்னுரிமை எது என்று அவர்களைக் கேட்கச் செயலமர்வு தேவையில்லை. காணி என்ற சொல்லைத் தாளில் எழுதலாம், மூன்று கட்டங்களில் ஒன்றையும் நிரப்ப முடியாது. அப்படிப்பட்ட வரிகளுக்கென்றே அட்டவணையின் அடியில் 'ஏனையவை' என்று ஓர் இடம் இருக்கிறது.

இப்போது விளக்கைப் பாருங்கள். செலவு தெரியும். பொறுப்பு அலுவலர் ஏணியோடு சபை வாசலில் நிற்கிறார். திகதி, வருகிற வெள்ளி. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது. கம்பம் மின்சாரக்காரருக்கு, விளக்கு பிரதேச சபைக்கு, இருட்டு மட்டும் சனத்துக்கு என்ற பங்கீட்டிலும் குழப்பமில்லை.

விளக்கு இருவகைப்படும்: வட்டார விளக்கு, விகிதாசார விளக்கு. 2018 முதல் நடைமுறையில் உள்ள கலப்பு முறையில் 60 வீதமானவர்கள் வட்டாரத்தில் வெல்கிறார்கள், 40 வீதமானவர்கள் பட்டியலில் வருகிறார்கள். பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் இல்லை. அவர் விளக்கை எங்கே போடுவது? சட்டம் இதைப் பற்றி மௌனம். நடைமுறையில் அவருடைய வீட்டுப் படலைக்கு எதிரே போடப்படுகிறது.

இந்த இடத்தில் என் ஆய்வு கொஞ்சம் சறுக்கியது. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் வந்த ஓர் உறுப்பினர் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவர், பின்னேரம் எழும்பினார்.

"தவிசாளர் ஐயா, எங்கட பக்கத்துப் பெட்டையள் ரியூசன் முடிஞ்சு ஏழு மணிக்கு அந்தப் பனங்கூடலாலைதான் சைக்கிள்ளை வருகினம். ரெண்டு லைற் போதும். காலநிலை மாற்றத்துக்குப் பிறகெண்டாலும் போட்டுத் தாங்கோ."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கட்டம் நிரம்பும் என்பதற்காக விளக்குக் கேட்டவர்களோடு அவரையும் ஒரே வகையில் அடக்கியது என் பாகுபாட்டின் பிழை. மூன்றாவது வகையொன்று சேர்க்க வேண்டும். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இக்கட்டுரையின் பிரதியொன்று எங்கள் சபைக்கு அனுப்பப்படுகிறது. சூத்திரத்தைத் தவிசாளர் ஏற்றாலும் மறுத்தாலும் சரி. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் திரும்பும் ஒழுங்கை முடக்கில், கிணற்றுக்குப் பக்கத்துக் கம்பத்தில், சித்திரையிலிருந்து விளக்கு எரியவில்லை. வெள்ளிக்கிழமை வசதிப்பட்டால் நல்லது.