மிக்கி வீட்டுப் பந்தி

டிஸ்னிக்காரர்களுக்குச் சிவப்பு விளக்கு ஆகாது. ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், மிக்கி தலை போட்ட கம்பத்தில், நுழைவுச்சீட்டாகக் கட்டிக்கொண்ட மணிக்கட்டுப் பட்டையை வைத்தால், எல்லாம் சரியென்றால் பச்சை எரியும். சரியில்லை என்றால் நீலம் எரியும். சிவப்பைக் காட்டினால் வந்தவர் முகம் வாடிவிடுமாம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கு முன் கையில் சந்தனம் பூசிக்கொள்கிற பெரிய மனது!

அந்தப் பெரிய மனதை முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், மேஜிக் கிங்டம் பூங்காவில் விலை கூடிய டீலக்ஸ் ஹோட்டல்களின் விருந்தாளிகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கிற ராத்திரியாகப் பார்த்துப் போக வேண்டும். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆல் ஸ்டார் ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். அதுவும் டிஸ்னியின் சொந்த ஹோட்டல்தான், ஆனால் விலைப்பட்டியலில் கடைசிப் படி. ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலில் ஏற வேண்டும் என்று காலையிலிருந்து சின்னவள் நச்சரிக்கிறாள். பகலில் வரிசை வால் தெரியாமல் நீண்டு கிடந்ததால், “ராத்திரி கூட்டம் குறையட்டும் கண்ணு” என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். வாணவேடிக்கை முடிந்தது. பூங்கா மூடுகிற நேரமும் ஆனது. கூட்டம் கரைந்தது. இப்போது அந்த ரயிலுக்கு வரிசையே இல்லாத மாதிரி இருக்கிறது. பிள்ளை ஓடுகிறாள்.

வாசலில் நிற்கும் ஊழியர் சிரிப்பு மாறாமல் குனிந்து பட்டையைச் சரிபார்க்கிறார். எந்த ஹோட்டல் என்று தெரிந்துவிடுகிறது. “ஸாரி இளவரசி, நாளைக்கு வாங்க.” பின்னாலேயே டீலக்ஸ் ஹோட்டலான கிராண்ட் ஃப்ளோரிடியனில் தங்கியிருக்கும் இன்னொரு பிள்ளை வருகிறாள். அதே வயசு, அதே எல்சா கவுன், அதே ஒளிரும் பலூன். அவள் உள்ளே போகிறாள். இவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறாள். ரயில் பாதிக் காலியாகக் கிளம்பினாலும் இவளுக்கு இடம் கிடையாது. (அந்த ஊழியரைத் திட்டாதீர்கள். நாள் முழுக்கச் சிரிப்பது அவர் வேலை. சட்டம் போட்டவர்கள் அந்த வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.)

நம் ஊரில் இதைப் பந்தி வஞ்சனை என்போம். ஒரே பந்தியில் உட்காரவைத்து இந்த இலைக்கு நெய்யும் அந்த இலைக்கு மோரும் ஊற்றுகிறவன்கூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருட்டு முழி முழித்துக்கொண்டுதான் ஊற்றுவான். மிக்கிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. இன்னின்ன இலைக்கு நெய் என்று அச்சடித்து விநியோகிக்கிறார்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020இல் கொரோனாவுக்காகப் பூங்காக்களை மூடும்வரை, டிஸ்னி ஹோட்டல் எதில் தங்கினாலும் கூடுதல் நேரம் உண்டு. சில நாள் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் போகலாம், சில நாள் ராத்திரி மற்றவர்கள் போன பிறகும் இருக்கலாம். ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் கூடாரம் அடித்துத் தங்கியவருக்கும் அந்த உரிமை இருந்தது. கூடாரத்துக்காரர் பிள்ளையும் மாளிகைக்காரர் பிள்ளையும் ஒரே ரயிலில் கத்திக்கொண்டு போனார்கள். அதனால் மாளிகை இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

2021 அக்டோபரில் மேஜிக் கிங்டத்துக்கு ஐம்பது வயது ஆனது. விழாவும் வந்தது, புதுச் சட்டமும் வந்தது. காலையில் எல்லா ஹோட்டல்காரர்களுக்கும் அரை மணி நேரம். ராத்திரியில் இரண்டு மணி நேரம், அதுவும் தெரிந்தெடுத்த இரவுகளில், டீலக்ஸ் வகை ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு மட்டும். அரை மணி நேரத்தை அள்ளிக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்னால் பிள்ளைகளை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, பேருந்து பிடித்து, வாசலில் மற்ற ஆயிரம் அரை மணி நேரக்காரர்களோடு நின்றால், முதல் ரைடிலேயே அந்த அரை மணி தீர்ந்துவிடும்.

ராத்திரி நேரம் மட்டும் போகவில்லை. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு 2005 முதல் இலவசப் பேருந்து ஓடியது. 2022 பிறந்ததும் நின்றது. முன்பதிவு செய்தவருக்குப் பெயர் போட்டு இலவசமாக அனுப்பிய மணிக்கட்டுப் பட்டை இப்போது விலைக்கு. ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று 1999இலிருந்து இருந்தது. நேரம் குறித்த சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வந்து குறுக்கு வழியில் ஏறலாம். காசு கிடையாது, உள்ளே வந்த எல்லாருக்கும் உண்டு. 2020 மூடலோடு அதை நிறுத்திவிட்டு, 2021 அக்டோபரில் அதே குறுக்கு வழியை நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலர் என்று விற்க ஆரம்பித்தார்கள். அப்போது வைத்த பெயர் ஜீனி ப்ளஸ். அலாவுதீனுக்கு வேலை பார்த்த பூதம் கூலி கேட்டதாக எந்தக் கதையிலும் இல்லை.

இங்கேதான் இந்தக் கம்பெனியின் மூளைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பழைய ஃபாஸ்ட்பாஸின் கடைசி ஆண்டுகளில், டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர் 60 நாள் முன்பே இலவச நேரத்தைப் பதிந்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு 30 நாள். அதுதான் சலுகை. இப்போது, 2024 ஜூலையிலிருந்து, ஹோட்டல் விருந்தாளி 7 நாள் முன்பு பதியலாம், மற்றவர்கள் 3 நாள் முன்பு. எதைப் பதிவது? காசு கொடுத்து வாங்கும் சீட்டை! அதாவது, அறைக்கும் காசு, நுழைவுக்கும் காசு என்று கட்டி முடித்த பெருமக்களுக்கு நிறுவனம் வழங்கும் தனிச் சலுகை என்னவென்றால், இன்னொரு தடவை காசு கட்டுவதில் அவர்களுக்கு முன்னுரிமை.

அதற்கும் மேலே ஒரு படி போட்டார்கள். 2024 அக்டோபர் கடைசியில் வந்த பிரீமியர் பாஸ். நேரம் குறிக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் குறுக்கு வழியில் நுழையலாம். மேஜிக் கிங்டத்தில் அறிமுக விலை, நாளைப் பொறுத்து, தலைக்கு 329 முதல் 449 டாலர். நுழைவுச்சீட்டு தனி. முதலில் டீலக்ஸ் ஹோட்டல்காரர்களுக்கும் இன்னும் ஒருசில ஹோட்டல்களில் தங்கியவர்களுக்கும்தான் கடை திறந்தார்கள். மற்றவர்கள் காசை நீட்டினாலும் வாங்க முடியாது. பணம் இருந்தால் மட்டும் போதாது, படுக்கையும் சரியான படுக்கையாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பிற்பாடு திறந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. மான்ஹாட்டன் பணக்கார வீட்டு அம்மாக்கள் சிலர், மணிக்கு 130 டாலர் கொடுத்து மாற்றுத்திறனாளி வழிகாட்டி ஒருவரை வாடகைக்கு எடுத்து, அவரைக் குடும்பத்தில் ஒருவர்போல் கூட வைத்துக்கொண்டு, டிஸ்னி வேர்ல்டில் வரிசைகளைத் தாண்டினார்கள் என்று 2013இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்தது. அமெரிக்காவே காறித் துப்பியது. துப்ப வேண்டியதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு அந்த அநியாயத்தின் விலை 1,040 டாலர். நாலு பேர் குடும்பத்துக்குப் பிரீமியர் பாஸின் மிகக் குறைந்த அறிமுக விலையே 1,316 டாலர். கள்ளச் சந்தைக்காரன் மலிவாக விற்றிருக்கிறான்.

இதில் விற்கப்படும் சரக்கு என்ன என்பதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. சுரங்க ரயிலில் ஒரு மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும். அந்தப் பாஸ் விற்றதால் ஒரு சீட்கூடக் கூடவில்லை. பணம் கட்டியவர் ஐந்து நிமிடத்தில் ஏறுகிறார் என்றால், பணம் கட்டாதவர் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கிறார். நின்றவரின் நேரத்தை எடுத்து ஏறியவருக்கு விற்றுவிட்டு, கம்பெனி தரகு அல்ல, முழு விலையையும் பையில் போட்டுக்கொள்கிறது. நேரத்தைக் கொடுத்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. வரிசை நீளமாக நீளமாகப் பாஸ் விற்கும். வரிசையைக் குறைக்க இவர்களுக்கு என்ன தலைவிதி?

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த முதல் டிஸ்னிலேண்டிலும் ரைடுகளுக்குத் தரம் பிரித்துச் சீட்டு விற்றார்கள். 1967இலேயே அங்கே கிளப் 33 என்று உறுப்பினர்களுக்கு மட்டுமான சாப்பாட்டு விடுதி வந்துவிட்டது. அப்போது பூங்காவில் மது கிடையாது, கிளப்பில் உண்டு. பணக்காரனுக்குத் தனி அறை எங்கேயும் இருந்திருக்கிறது. அது மாடியில், கதவுக்குப் பின்னால் இருந்தது. இப்போது பிள்ளைகள் நிற்கிற வரிசைக்கு நடுவிலேயே கயிறு கட்டுகிறார்கள்.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யூனிவர்சல் பூங்காவில் மட்டும் சமதர்மமா என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விலை கூடிய ஹோட்டல்களில் தங்கினால் வரிசை தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் சும்மா வரும். அவர்களுடைய மலிவு ஹோட்டலான கபானா பேயில் தங்கினால் வராது. ஆனால் அவர்கள் “எல்லோரும் எங்கள் குடும்பம்” என்று உருகுவதில்லை.

டிஸ்னிக்கு நஷ்டமா, வேறு வழியில்லையா என்றால் அதுவும் இல்லை. 2024 நிதியாண்டில் பூங்கா, ஹோட்டல், கப்பல் வகையறாவில் மட்டும் செயல்பாட்டு லாபம் 900 கோடி டாலருக்கு மேல். மொத்தக் குழுமத்தின் லாபத்தில் பாதிக்கும் கூடுதல். ஆல் ஸ்டார்காரன் பிள்ளை இரண்டு மணி நேரம் கூட ஓடினால் இதில் எத்தனை சைபர் உதிரும்?

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஆல் ஸ்டார் அறையைப் பதிவு செய்யும் பக்கத்தில் நீச்சல் குளத்துப் படம் போடுகிறீர்கள். அதன் கீழே, அதே அளவு எழுத்தில் இதையும் போடுங்கள்: “சில இரவுகளில் உங்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மற்ற விருந்தாளிகளின் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் விளையாட விடுவோம்.” படித்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள் கட்டட்டும்.