59 என்னும் இசைநிறை: ஓர் ஆய்வு

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் உலகெங்குமுள்ள பல்லாயிரம் அமெச்சூர் வானொலியாளர்கள் 48 மணி நேரம் உறக்கம் துறந்து ஒருவருக்கொருவர் ஒரே மதிப்பெண்ணை வழங்கிக்கொள்கிறார்கள். மதிப்பெண் 59. கணீரென்று கேட்டவருக்கும் 59. அரைகுறையாகக் கேட்டவருக்கும் 59. இரைச்சலுக்கு அடியிலிருந்து நான்கு முறை கத்தித் தம் அழைப்புக் குறியைத் தவணை முறையில் ஒப்படைத்தவருக்கும் 59. பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டுகொள்ளாத நிலையில் அப்பணியை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

களம், 1948 முதல் நடந்துவரும் சி.க்யூ. வேர்ல்ட் வைட் போட்டி. அக்டோபரில் பேச்சு, நவம்பர் கடைசியில் மோர்ஸ். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியா 22ஆம் மண்டலம். தொடர்பு கிடைத்ததும் சிக்னல் தரத்தையும் மண்டல எண்ணையும் சொல்ல வேண்டும். நம்மவர் ‘59 22’ என்பார், ஜெர்மானியர் ‘59 14’ என்பார், நன்றி, அடுத்தவர். மொத்தமே பத்து விநாடி. வேறு கண்டத்துக்காரர் கிடைத்தால் 3 புள்ளி. அதே கண்டத்தில் வேறு நாடு என்றால் பொதுவாக 1. சொந்த நாட்டுக்காரருக்குப் புள்ளியே கிடையாது. (ஐரோப்பியப் போட்டியாளர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கேனரித் தீவுகளுக்குப் பறப்பதன் சூட்சுமம் இதுதான். ஆளுவது ஸ்பெயின் என்றாலும் போட்டிக் கணக்கில் அது ஆப்பிரிக்கா. அங்கே உட்கார்ந்தால் ஐரோப்பா முழுவதும் மூன்று மூன்றாக விழும்.)

இனி அளவுகோல். 1934இல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர் வகுத்தது. முதல் இலக்கம், பேசுவது புரிகிறதா என்பது, உச்சம் 5. இரண்டாவது, சிக்னலின் வலிமை, உச்சம் 9. மோர்ஸுக்கு ஒலியின் தூய்மை என மூன்றாவதும் உண்டு. அதற்கும் உச்சம் 9. வலிமை 9 என்றால் சிற்றலையில் ஆன்டெனா முனையில் 50 மைக்ரோவோல்ட் என்றும், ஒவ்வொரு படியும் 6 டெசிபல் என்றும் பிற்காலத்தார் வரையறுத்தனர். அப்படியானால் ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே திறன் வேறுபாடு 60,000 மடங்குக்கு மேல். இந்தப் பள்ளத்தாக்கைப் போட்டியாளர் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்.

‘உங்கள் சிக்னல் 59, அழைப்புக் குறியை மறுபடி சொல்லுங்கள்’ என்ற தொடரை நோக்குக. முழுக்கப் புரிகிறது, ஆனால் யாரென்று புரியவில்லை. இது வழு அன்றோ எனின், அன்று, வழுவமைதி என்க. என்னை? எனின், ஆன்றோர் வழக்கு அவ்வாறு ஆகலின்.

இவ்வழக்குக்குக் காரணம் உபசாரமே என்பாரும் உளர். கல்யாண வீட்டில் சம்பந்தி வந்து ‘சாப்பாடு எப்படி?’ என்றால் ரசத்தைப் பற்றிய உண்மையை யாரும் சொல்வதில்லை. அதுபோல என்பது அவர்கள் வாதம். இது பொருந்தாது. அரிய தீவு ஒன்று அலைவரிசையில் தலைகாட்டியதும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் ஒருவர் குரல்மேல் ஒருவர் ஏறி மிதிக்கும் பைல்-அப்பை ஒருமுறை கேட்டவர், உபசாரம் என்ற சொல்லை அப்பக்கம் கொண்டுபோக மாட்டார்.

மென்பொருளே காரணம் என்பது இரண்டாம் கட்சி. இதில் ஓரளவு சாரம் உண்டு. போட்டிப் பதிவேட்டு மென்பொருளில் கொடுத்த 59, பெற்ற 59 என இரு கட்டங்களும் முன்கூட்டியே நிரம்பி நிற்கும். சொல்வதும் மனிதர் அல்லர். எஃப்2 விசையைத் தட்டினால், ஆசாமி முன்பே பதிந்துவைத்த குரல் போகும். அதாவது, சனிக்கிழமை வரப்போகும் சிக்னல்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையே, காபி குடித்துக்கொண்டே, மதிப்பெண் போட்டாகிவிட்டது. ஆயினும் கணினி வருவதற்கு முன், பென்சிலால் எழுதிய காலத்தவரும் 59 என்றே கொடுத்தனர். எனவே மென்பொருள் கருவியே அன்றிக் காரணம் ஆகாது.

நம் துணிபு இது. தொல்காப்பியர் இடைச்சொற்களை வகைப்படுத்துகையில் இசைநிறை என்று ஒன்றைச் சொல்கிறார்: பொருள் தராமல் ஓசையை நிரப்புவது. 59 அவ்வகை. அழைப்புக் குறியைக் கேட்டவுடன் மண்டல எண் வந்து விழுந்தால் காது தடுமாறும். 59 ஒலிக்கும் அந்த அரை விநாடியில்தான் எதிராளி அலைவரிசையைச் சற்றே திருகுகிறார், விரலை விசைப்பலகையில் பொருத்துகிறார், மூச்சு விடுகிறார். யாப்பில் ஒரு சீர் அது. எடுத்தால் தளை தட்டும்.

பொருளற்றது என்பதை அதைக் கையாளும் முறையே காட்டும். மோர்ஸில் 599 என்று முழுதாக அடித்தால் 49 மாத்திரை. மாத்திரை என்றது ஒரு புள்ளியின் நீளத்தை. 9க்குப் பதில் ‘என்’ எழுத்தைப் போட்டு ஐந்து-என்-என் என்று அடித்தால் 25 மாத்திரை. நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் மிச்சம் ஏறத்தாழ ஒரு விநாடி. 3,000 தொடர்புக்கு 48 நிமிடம். இன்னும் சிக்கனமானவர்கள் ஐந்தையும் ஒற்றைப் புள்ளியாக்கி 17 மாத்திரையில் முடிப்பார்கள். பொய் சொல்வது பழமை. பொய்யைச் சுருக்கெழுத்தில் சொல்லி முக்கால் மணி நேரம் சேமித்தது இவர்கள் சாதனை.

ஆனால் அழைப்புக் குறியில் இந்தத் தாராளம் எள்ளளவும் இல்லை. நம் நாட்டுக் குறி ‘வியு’. ‘வி’ எழுத்தில் ஒரு புள்ளி கூடுதலாக ஒலித்தால் அது 4. ‘வியு’ என்பது ‘4யு’ ஆகி, திருநெல்வேலி வானொலியாளர் ஐ.நா. அமைப்பாகிவிடுவார். போட்டி முடிந்ததும் எல்லோருடைய பதிவேடுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். குறியில் ஓர் எழுத்து பிசகினால் அத்தொடர்பின் புள்ளி போவதோடு அதன் இரு மடங்கு தண்டமாகக் கழியும். 59ஐ மட்டும் பிசகென்று காட்ட வழியில்லை. இரு பதிவேட்டிலும் அதே பொய் அச்சுப் பிசகாமல் நிற்கிறது.

22ஆம் மண்டலத்துச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019இல் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிறு. போட்டியின் இரண்டாம் நாள். தெருவெல்லாம் சீரியல் விளக்கு, மலிவான எல்.இ.டி. அடாப்டர்கள் கக்கும் இரைச்சலில் எத்தனை சிக்னல் புதைந்திருக்கும் என்பதைக் கற்பனைக்கே விடுகிறேன். நவம்பர் போட்டிக்கு வடகிழக்குப் பருவமழை துணை வரும். மின்னல் வெட்டும்போதெல்லாம் தாழ்அலைவரிசைகளில் வறுபடும் சத்தம். இந்நிலையிலும் நம்மவர் கொடுப்பது 59. பெறுவதும் அதுவே.

எப்போதாவது ஒரு சத்தியசந்தர் குறுக்கிட்டு ‘உங்களுக்கு 43’ என்பார். எதிராளி திகைப்பார். ‘மண்டலம் 43ஆ? நாற்பதோடு முடிகிறதே?’ என்ற குழப்பத்தில் திரும்பக் கேட்பார். பிறகு நிரம்பிய கட்டத்துக்குள் போய் 59ஐ அழித்து 43 அடிப்பார். அதற்குள் அலைவரிசை சும்மா கிடக்கிறது என்று எண்ணி வேறொருவர் அதில் குடியேறியிருப்பார்.

இசைநிறை இல்லாத யாப்பும் உண்டு. அமெரிக்காவில் 1930 முதல் நடக்கும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் போட்டியில் சிக்னல் தரம் சொல்வதில்லை. வரிசை எண், பிரிவு எழுத்து, அழைப்புக் குறி, வட்டாரம் இவற்றோடு, முதன்முதலில் உரிமம் பெற்ற ஆண்டின் கடைசி இரு இலக்கங்களையும் சொல்ல வேண்டும். சிக்னலைப் பற்றிய பொய்யை நீக்கிவிட்டு வயதைப் பற்றிய உண்மையைக் கேட்கும் இந்த முறை மற்ற பெரிய போட்டிகளுக்குப் பரவவில்லை. காரணம் தனி ஆய்வுக்குரியது.

போட்டி நம் நேரப்படி சனி காலை 5.30க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30க்கு முடியும். உண்மையான சிக்னல் தரம் வெளிப்படுவது அதற்குப் பிறகுதான். இரு இரவும் நம்மோடு 59 மாற்றிக்கொண்ட அதே நண்பர், அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு நிமிடம் ஒலிவாங்கியை எடுப்பார்:

“என்ன சார், ஆன்டெனா கீழ விழுந்துடுச்சா? ரெண்டு நாளா உங்க சிக்னல் சுத்தமா எடுபடவே இல்லையே!”