தெதுறு ஓயாவுக்கு வார்டில் இடம்

சிலாபம் வைத்தியசாலைக்கு இடம் பார்த்தவருக்கு மாலை போட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது, தெதுறு ஓயா வெள்ளம் துண்டு எடுக்காமல், வரிசையில் நிற்காமல் நேரே வார்டுக்குள் நுழைந்தது. கட்டிலில் கிடந்தவர்கள் எழும்பி இடம்விட்டார்கள்.

நட்டமா என்ன? டிசம்பரில் ஜப்பான் மருத்துவக் குழு கூடாரத்தோடும் மருந்துப் பெட்டியோடும் சிலாபத்துக்கே வந்தது. விசாச் செலவு மிச்சம்!

கணுக்கால் வெள்ளத்துக்கு உலர் உணவுப் பொதிதான். கழுத்தளவு வந்தால்தான் கப்பல், விமானம், கொடி, கைகுலுக்கல், படம். ஆகவே கான் வெட்டுவது, கரை உயர்த்துவது எல்லாம் வெளிநாட்டு உறவைக் கெடுக்கும் வேலை. பொறியியலாளர்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்.

ஜப்பான் குழு வேலை முடித்து ஊர் திரும்பிவிட்டது. தெதுறு ஓயாவுக்குத்தான் இங்கே நிரந்தர நியமனம்.